குழுத் தலைவர் சொல்கிறார்

ரோவாத்தான் தீவு
மே 19

அன்புள்ள தொமாசாவுக்கு,

கடவுள் தயவில் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மகள் யொலானியும் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. சிங்கி இறால் பிடிக்கும் கப்பல். கேப்டன் தீவுக்காரர், திட்டும்போது மட்டும் நம் பாஷை பேசுகிறார். எனக்குக் கீழ்ப் படுக்கையில் த்ருஹீயோவிலிருந்து வந்த கிளெமென்தே. இஞ்சின் சத்தம் நின்றாலும் அவன் குறட்டை நிற்பதில்லை. தினமும் சோறும் மொச்சையும்தான். நீ வாழைக்காயை அவித்து இடிக்கிற ஹுதுதுவும் தேங்காய்ப்பால் மீன் குழம்பும் கண்ணிலேயே நிற்கிறது. உன் முகமும்தான்.

கூரையின் கடல் பக்கத்துத் தகரத்தை ஆணி அடித்து இறுக்கச் சொல். அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

இன்னொன்று. நான் கிளம்பும் முன் ஊர்க்கூட்டத்தில் புயல் அவசரக் குழுவுக்குத் தலைவராக என் பெயரைச் சொன்னார்களே. உடனே கிறிசாந்தோ, "எவாரிஸ்தோவா? காத்து அடிச்சா மொத ஆளா அவன் பொண்டாட்டி பாவாடைக்குள்ளல்ல போவான்!" என்றான். ஊரே சிரித்தது. அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன். கடைசியில் யாரைத் தலைவராகப் போட்டார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன்
எவாரிஸ்தோ


பாரா செனிசா
ஜூன் 12

அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு,

தீவுக்குத் தேங்காய் ஏற்றிப் போய்வரும் படகில் உன் கடிதம் வந்தது. நாங்கள் எல்லோரும் நலம். உன் அம்மாவின் கால் வற்றிவிட்டது, வாய்தான் வற்றவில்லை. யொலானி உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

அவசரக் குழு அமைந்துவிட்டது. நகராட்சியிலிருந்து ஒரு ரேடியோவும், கார் பாட்டரி ஒன்றும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடிகளும் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு ஏறினால் எல்லோரும் மணல்திட்டை விட்டுக் காயலைக் கடந்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். குழுத் தலைவர் வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்று பேசி முடித்துவிட்டார். ஓலைக்கூரையைவிடத் தகரம்தான் ஆளை வெட்டும் என்று தலைவர் சொல்கிறார். அதனால் நம் கூரைக்கு ஆணியும் அடித்து, மேலே கயிறும் கட்டியாகிவிட்டது. தோணிகளைக் கடல் பக்கம் கட்டாமல் காயல் பக்கம் கட்ட வேண்டும் என்பதும் தலைவரின் யோசனை. முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போது கட்டுகிறார்கள்.

முழங்காலில் உப்புத்தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். வலித்தால் கேப்டனிடம் வாய் திறந்து சொல்.

தொமாசா


ரோவாத்தான் தீவு
ஜூன் 30

அன்புள்ள தொமாசா,

நான் நலம். உங்கள் நலத்தைப் பற்றியும் கடிதத்தில் இரண்டு வரி இருந்தது, மகிழ்ச்சி. மிச்சமெல்லாம் தலைவர்.

தலைவர் சொல்கிறார், தலைவரின் யோசனை, தலைவர் வீடு வீடாகப் போனார். நம் வீட்டுக்கும் வந்தாரா? கூரையில் ஏறிக் கயிறு கட்டியது அவர்தானா? நான் ஒருவன் கடலில் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியுமா? 'அவர்', 'அவர்' என்று மரியாதை வேறு. பெயர் என்ன அந்த மகாராஜாவுக்கு? நான் தெளிவாகக் கேட்டிருந்தேன். நீ தெளிவாக எழுதவில்லை.

கிறிசாந்தோவா? மோட்டார் தோணி வைத்திருக்கிறவன் அவன் ஒருவன்தான். நம் கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மா வீட்டு வாசலில் தினமும் மீனைக் கொண்டுவந்து வைத்தவனும் அவன்தான்.

யொலானிக்கு ஒரு சங்கு அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

எவாரிஸ்தோ


பாரா செனிசா
ஜூலை 21

அன்புள்ள எவாரிஸ்தோ,

இங்கே அனைவரும் சுகம். அங்கே உனக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது, எழுத்தில் எரிச்சல் தெரிகிறது. மொச்சையைக் குறைத்துச் சாப்பிடு.

கிறிசாந்தோ இந்தக் குழுவில் தோணிக்குப் பொறுப்பு, அவ்வளவுதான். தலைவர் நீ நன்றாக அறிந்த ஆள். வந்து பார்த்துக்கொள். கூரையில் ஏறியது உன் தம்பி சில்வானோ. போதுமா?

போன வாரம் குழுவிலிருந்து சிலர் நகராட்சிப் பயிற்சிக்குப் போனோம். மூன்று நாள். இஞ்சினியர் பினேதா என்று ஒருவர் பாடம் எடுத்தார். சுவரில் பெரிய வரைபடம். அதில் நம் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலம். தலைவர் எழுந்து, "இஞ்சினியர், இந்தக் கடலுக்குள்ள நாங்க நூத்தம்பது குடும்பம் இருக்கோம், மூச்சு முட்டுது" என்றதும் அறையே சிரித்தது. இஞ்சினியர் சிரிக்கவில்லை. சிவப்புக் கொடி ஏற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும், உத்தரவு வந்தால்தான் ஜனங்களை ஏற்றிப் போக லாரி வரும் என்று அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

உன் அம்மா சொல்கிறாள்: "கொடியப் பாத்து ஓடுறதுக்கு நான் என்ன கோழியா? நான் வர மாட்டேன்."

தொமாசா


ரோவாத்தான் தீவு
ஆகஸ்ட் 8

தொமாசா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

மூன்று நாள்! நகரத்தில்! எங்கே தங்கினீர்கள்? யார் யார்? தலைவரும் வந்தார், நகைச்சுவையாகப் பேசினார், எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்திருப்பாய். நீ சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி விழும். அதை அந்த ஆள் பார்த்திருப்பான்.

நான் அறிந்த ஆள் என்கிறாய். பெயரைச் சொல்லக் கூசுகிற ஆள் என்று எனக்குப் படுகிறது. கிளெமென்தேயிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவன், "தம்பி, பேரு சொல்லாத ஆளுதான் ஆபத்தான ஆளு" என்றான். அவனுக்கு இரண்டு பெண்டாட்டிகள்; அவனுக்குத் தெரியும்.

இனி நீ அந்தக் குழுவுக்குப் போகக் கூடாது. புயல் வந்தால் ஊர் பார்த்துக்கொள்ளும். நீ வீட்டைப் பார். இது உன் புருஷன் சொல்வது, எந்தத் தலைவனும் சொல்வதல்ல.

எவாரிஸ்தோ


ரோவாத்தான் தீவு
செப்டம்பர் 3

தொமாசா,

உனக்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லையே? தேங்காய்ப் படகு இரண்டு தடவை வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

படகுக்காரனிடம் கேட்டேன். "ஒம்பொண்டாட்டிதான? நல்லாத்தான் இருக்கா. செவப்புச் சட்ட ஒண்ணு போட்டுக்கிட்டு கரையில நின்னா. பக்கத்துல கிறிசாந்தோ. என்னமோ சொல்லிச் சிரிச்சிக்கிட்டிருந்தாங்க" என்றான். அவனுக்குப் புகையிலை கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னான்.

சிவப்புச் சட்டை உனக்கு ஏது? நான் வாங்கித் தந்ததில்லை.

கோபத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அது தூரத்தின் குற்றம். ஆனால் கேட்டது கேட்டதுதான். பதில் எழுது. 'இல்லை' என்று ஒரு சொல் எழுதினாலும் போதும்.

எவாரிஸ்தோ


பாரா செனிசா
செப்டம்பர் 24

எவாரிஸ்தோவுக்கு,

எல்லோரும் நலம். யொலானிக்கு முன்பல் விழுந்தது. மழை தொடங்கிவிட்டது.

இரண்டு கடிதங்களும் வந்தன. கோபம் ஆறியதும் பதில் எழுதலாம் என்றிருந்தேன். ஆறவில்லை.

நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். பெண்கள் ஒரு வகுப்பில், ஆண்கள் ஒரு வகுப்பில். சிவப்புச் சட்டை குழுக்காரர்களுக்கு நகராட்சி கொடுத்தது. உன் தம்பியும் போட்டிருக்கிறான். அவனைப் பற்றியும் கிளெமென்தேயிடம் விசாரி.

குழுவுக்குப் போகிறேன். போவேன்.

தொமாசா


ரோவாத்தான் தீவு
அக்டோபர் 22

என் தொமாசா,

நீ சுகமாக இருக்கிறாயா என்று இதுவரை எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். இன்றுதான் உண்மையாகக் கேட்கிறேன். கடலில் ஒரு படகு கூட இல்லை. இதை யார் எடுத்து வருவார்கள் என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

புயலுக்குப் பயந்து கப்பல்களெல்லாம் துறைமுகத்துக்குள் ஒதுங்கியிருந்தோம். முந்தாநாள் காலை கேப்டன் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார், கரைப் பக்கத்து ஊர்கள் பேசுவது கேட்டது. நாங்கள் எல்லோரும் கேபின் வாசலில் நின்றோம். அப்போது ஒரு பெண் குரல்.

"நகராட்சி, பாரா செனிசா பேசுறேன். ஆத்து வாயில தண்ணி ஏறிருச்சு, அலை மணல் மேட்டத் தாண்டி விழுது. லாரிய அனுப்புங்க."

"பாரா செனிசா, பொறுங்க. சிவப்புக் கொடிக்கு இன்னும் உத்தரவு வரல. உத்தரவில்லாம லாரி கெளம்பாது."

"உத்தரவு வர்ற வரைக்கும் கடல் பொறுக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க இஞ்சினியர்."

கேப்டன் சிரித்துவிட்டார். குரல் உன்னுடையதுபோல இருந்தது. ஆனால் உன்னுடையதாக இல்லை.

"யாரும்மா பேசுறது? ஒங்க தலைவரக் கூப்பிடுங்க."

"தலைவர்தான் பேசுறேன்."

தொமாசா, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கொடிய நான் ஏத்திட்டேன். ஜனங்கள தோணியில ஏத்துறேன். லாரி வந்தா வரட்டும், வரலன்னா மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போறோம். பாட்டரிய மிச்சம் பிடிக்கணும். வச்சிடுறேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேறு ஊர்கள் பேசின. பாரா செனிசா பேசவில்லை.

"அது என் பொண்டாட்டி" என்றேன். யாரும் நம்பவில்லை. கிளெமென்தே மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒம்பொண்டாட்டின்னா அந்தத் தலைவன் எவன்னு தேடிக்கிட்டிருந்தியே, அது யாருடா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு காற்று வந்தது, யாரும் சிரிக்கவில்லை.

நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமல் இதை எழுதுவது தப்பு. ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் குரலில் நீ என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. இத்தனை வருஷம் அதை எங்கே வைத்திருந்தாய்? யாரோ ஒரு இஞ்சினியருக்கு அது கிடைத்தது. கேபின் வாசலில் நின்ற முன்பின் தெரியாத ஆட்களுக்குக் கிடைத்தது.

உயிரோடு இரு. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எவாரிஸ்தோ


மேட்டுப் பள்ளிக்கூடம்
நவம்பர் 2

அன்புள்ள எவாரிஸ்தோ,

நான் இருக்கிறேன். யொலானி இருக்கிறாள், உன் அம்மா இருக்கிறாள், சில்வானோ இருக்கிறான். வீடு இல்லை. வீடு இருந்த இடத்தில் ஒரு மீட்டர் தண்ணீர். கயிறு கட்டிய கூரை மட்டும் காயல் ஓரத்துச் சேற்றில் அப்படியே கிடக்கிறது.

லாரி வரவில்லை. முதல் தோணியில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் போனார்கள். மற்றவர்கள் சின்னத் தோணிகளில், சிலர் கயிற்றைப் பிடித்து நீந்தியே. எல்லோரும் கரையேறிய பிறகுதான் உன் அம்மாவைக் காணோம் என்று தெரிந்தது. அடுப்படியில் போய் ஒளிந்திருக்கிறாள். கிறிசாந்தோ திரும்பப் போனான். இடுப்பளவு தண்ணீரில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அவன் முதுகில் குத்தினாளாம். "எறக்கி விடுடா மீன்காரா, என் மகன் வந்தா ஒன்ன உரிச்சிருவான்!"

அதற்குள் கடலும் காயலும் ஒன்றாகிவிட்டன. அப்போதுதான் அக்கரையிலிருந்து, நடக்க முடியாத அனஸ்தாசியோ மாமாவின் குரல் கேட்டது. அவரைத் தூக்க வேண்டிய மருமகன், அவர் முந்தின தோணியில் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறான். கிறிசாந்தோ மறுபடியும் மோட்டாரைத் தொட்டான்.

"போகாத" என்றேன்.

"கெழவன் கூப்பிடுறாரு தொமாசா. கேக்குதுல்ல?"

"கேக்குது. போனா நீயும் வர மாட்ட."

"நான் போறேன்."

"போகக் கூடாது. குழுத் தலைவர் சொல்றேன்."

அவன் போகவில்லை. குரல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அவரைப் புதைத்த அன்று அவர் மகள் எவுசெபியா எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள்: "ஒம் மாமியாருக்குன்னா தோணி திரும்பப் போகுது. எங்கப்பனுக்குன்னா போகாதா?" நான் ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழியில் போட்டேன்.

பாதையில் தண்ணீர் வடிந்ததும் இஞ்சினியர் பினேதா லாரியில் அரிசியும் போட்டோக்காரரும் கொண்டு வந்தார். "தலைவருக்கு வாழ்த்து" என்று நேரே போய்க் கிறிசாந்தோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிறிசாந்தோ, "நான் தோணிக்காரன் சார், தலைவர் அங்க அரிசி அளக்குது பாருங்க" என்று என் பக்கம் கை காட்டினான். இஞ்சினியர் என்னிடம் வந்து முதலில் கேட்டது, உத்தரவு வருமுன் ஏன் கொடியை ஏற்றினேன் என்பதுதான்.

ரேடியோவில் என் குரலைக் கேட்டதாக நீ எழுதிய கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நான் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். உன் பெயரைச் சொன்னபோது சிரித்த அதே கூட்டம், நீ கிளம்பிய மறுவாரம் என் பெயரைச் சொல்லிக் கை தூக்கியது. உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது என்று கடலில் தனியாக இருக்கிற உனக்கு எப்படி எழுதுவேன்? மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீ எழுதியதைப் படித்த பிறகு சொல்லவும் மனசு வரவில்லை. இல்லாத ஆளோடு கட்டிப் புரளட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தொமாசா


ரோவாத்தான் தீவு
நவம்பர் 15

என் தொமாசா,

உன் கடிதம் வந்தது. கப்பலில் எல்லோர் முன்னாலும் அழுதேன். கேப்டன் ஒரு குவளை ரம் ஊற்றிக் கொடுத்தார். உங்கள் எல்லோரையும் கட்டிப் பிடித்துக்கொள்கிறேன்.

கிறிசாந்தோவுக்கு நன்றி சொல். நானே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அம்மாவை என் தோள் தூக்கியிருக்க வேண்டும். அவள் என் முதுகில் குத்தியிருக்க வேண்டும். அவன் நல்லவன்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவன் என்றால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

தலைவர் என்று ஒரு ஆண் இல்லை, அது நீதான் என்று தெரிந்ததும் நெஞ்சு எரிச்சல் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முன்பு ஒருத்தன் மேல் இருந்தது, இப்போது ஊர் முழுவதன் மேலும் இருக்கிறது. நீ கொடியேற்றியதை அவர்கள் பார்த்தார்கள். நீ 'போகாதே' என்று சொன்னபோது கிறிசாந்தோ பக்கத்தில் நின்றான். உன்னைக் குற்றம் சொன்ன எவுசெபியாகூட அங்கே இருந்தாள். நான் ஒருவன்தான் இல்லை. இந்தக் கப்பலில் பையன்கள் கயிறு இழுக்கும்போதெல்லாம், "கடல் பொறுக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க இஞ்சினியர்!" என்று உன் குரலில் கத்துகிறார்கள். எனக்கு ஒருத்தனையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறது. உன் சொல் அது. அவர்களுக்கு எதற்கு?

உன் மேலும் பொறாமை. அதையும் எழுதிவிடுகிறேன். நான் தலைவராக இருந்திருந்தால் உத்தரவுக்குக் காத்திருப்பேன். அல்லது கிறிசாந்தோவை அனுப்பிவிட்டு இரண்டு பிணம் எடுத்திருப்பேன். சிரித்த ஊருக்கு அது தெரிந்திருக்கிறது.

நான் வரட்டுமா? கேப்டன் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கிறார். வீடே இல்லாத இடத்துக்குப் புருஷன் எதற்கு என்று நீ நினைத்தால், அதையும் எழுது.

எவாரிஸ்தோ


மேட்டுப் பள்ளிக்கூடம்
நவம்பர் 28

அன்புள்ள எவாரிஸ்தோ,

நாங்கள் நலம். யொலானிக்குச் சளி பிடித்துவிட்டது. உன் அம்மா கிறிசாந்தோவுக்குத் தேங்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். கூடவே, "தோள் எலும்பு குத்துது, தின்னு உடம்பத் தேத்து" என்றும் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. தலைவராக நானே தொடர வேண்டுமா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் கை தூக்கினார்கள். எவுசெபியா தூக்கவில்லை. எழுந்து போகவுமில்லை. நான் சரி என்றேன்.

நீ ஊர் முழுவதன் மேலும் பொறாமைப்படுகிறாய். எல்லாவற்றையும் ஊர் பார்த்தது என்கிறாய். இல்லை. கிறிசாந்தோ மோட்டாரை நிறுத்திய பிறகு, எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு, நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனேன். அங்கே நான் என்ன செய்தேன், எவ்வளவு நேரம் இருந்தேன், அனஸ்தாசியோ மாமா கூப்பிட்டது யாருடைய பெயரை, உன் அம்மாவுக்காகத் தோணி திரும்பப் போனபோது என் மனசில் என்ன ஓடியது, ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. தலைவரிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

அதை ஊருக்குச் சொல்ல மாட்டேன். கடிதத்திலும் எழுத மாட்டேன். ஒரே ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும். அவன் கேட்டுவிட்டு நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகவே வைத்திருக்கிறேன்.

அடுத்த தேங்காய்ப் படகில் உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏறி வா.

உன்
தொமாசா